அறாத கம்பி

என் மச்சானுக்கு லிஃப்ட் வேலை. ஓட்டுகிற வேலை அல்ல, பழுது பார்க்கிற வேலை. ஊரில் எந்த உயரமான கட்டடத்தைக் காட்டினாலும் அதன் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் அவர் ஒரு முறையாவது குனிந்து நுழைந்திருப்பார். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் கத்துவார்கள், கதவை உதைப்பார்கள், யாராவது அழுவார்கள். இவர் மேலே நின்றுகொண்டு, “கம்பி இருக்கு, பயப்படாதீங்க” என்று ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். அது சமாதானத்துக்குச் சொல்வதல்ல. கம்பி கெட்டியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று மனதார நம்புகிறவர். துணி காயப்போடும் கொடியைக்கூட ஒரு தடவை தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். “எங்க அண்ணனுக்குச் சோறே வேணாம், நல்லதா ஒரு முடிச்சுப் போட்டு வச்சா சாப்பிட்டுடுவாரு” என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

என் மனைவி அவருக்குத் தங்கை. அவளுக்கும் கீழே ஒரு தம்பி. கல்யாணமாகி, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவனை நாங்கள் சின்னவன் என்றுதான் கூப்பிட்டோம். மூக்குக்கண்ணாடிக் கடையில் சில்லு தேய்க்கிறவன். அண்ணனுக்குப் பேச்சு வராது, தம்பிக்கு வாய் மூடாது. இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே இடம் ஏரி. இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கயாக் படகு, காலால் மிதித்து ஓட்டுகிற வகை, ஒருவர்தான் உட்காரலாம். ஒரு லீவுக்கு அண்ணன், அடுத்த லீவுக்குத் தம்பி என்று முறை வைத்துக்கொண்டார்கள். அதை ஏற்றிக்கொண்டு போக மட்டும் அவர்களுக்கு ஊரில் வேறு வண்டியே கிடைக்கவில்லை. நான் ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். மாப்பிள்ளை என்று பெயர்தான், மச்சான்மார்களுக்கு நான் கூலி வாங்காத டிரைவர்.

ஏரி என்றால் குளிக்கிற ஏரி இல்லை. மலை இடுக்கில் அணை கட்டித் தேக்கிய தண்ணீர். வெட்டாமல் விட்ட காடு அடியில் அப்படியே நிற்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழம் கிடுகிடுவென்று இறங்கிவிடும். கோடையில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடுவதால் பெரிய மீனெல்லாம் குளிர்ச்சி தேடி அடிக்குப் போய்விடும். அங்கே கொக்கி வைத்த பொய்மீனைக் கொண்டுபோய்க் காட்ட வெறும் தூண்டில் போதாது. அதற்காகக் கயாக்கின் பக்கவாட்டில், கை எட்டுகிற இடத்தில், ஒரு சின்னக் கைராட்டினம் பொருத்துவார்கள். கடையில் அதற்கு டவுன்ரிக்கர் என்று பெயர், எங்கள் வீட்டில் ராட்டினம்தான். அதில் பல புரிகள் முறுக்கிய மெல்லிய எஃகுக் கம்பி சுற்றியிருக்கும். கம்பி நுனியில் ஒரு ஈயக்குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டுக்கு மேலே ஒரு கிளிப்பில் மாட்டி இறக்கினால், குண்டு போகிற ஆழத்துக்குப் பொய்மீனும் போகும். அப்புறம் மெதுவாக மிதித்துக்கொண்டே இழுத்துப் போகவேண்டியதுதான். மீன் கடித்தால் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபட்டுவிடும்.

இதில் ஒரு வம்பு உண்டு. குண்டு அடியில் ஏதாவது கிளையில் சிக்கி, அந்த நேரம் பின்னால் காற்றும் தள்ளினால், கம்பி கயாக்கைப் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்த்துவிடும். அதனால் அந்த ஏரியில் மீன் பிடிக்கிற யாரும் கம்பியை நேராகக் குண்டில் கட்டமாட்டார்கள். கம்பிக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு முழம் சாதாரண நரம்பு போடுவார்கள். சிக்கினால் அந்த ஒரு முழம் அறும். குண்டு தண்ணீரோடு போகும், ஆள் வீட்டுக்கு வருவான்.

குண்டு வார்ப்பது மச்சான். பழைய பாட்டரி ஈயத்தைக் கொல்லையில் உருக்கி, வார்த்து, அரத்தால் தேய்த்து, கொக்கி வைத்து, சிவப்பு வண்ணம் அடிப்பார். சின்னவன் அதைக் கொண்டுபோய் ஏரிக்குத் தானம் பண்ணிவிட்டு வெறுங்கம்பியோடு வந்து நிற்பான். “குண்டு கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சுண்ணே” என்பான். அந்தக் கோடையில் இது அளவுக்கு மீறிப் போனது. மச்சானுக்குக் குண்டு போனதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. அறுந்துபோகட்டும் என்றே ஒன்றைக் கட்டுவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“அறுறதுக்குன்னே ஒரு துண்டா? எங்க வேலையில இப்படிப் பண்ணினா ஜெயில்ல போடுவான்” என்றார். அந்த ஒரு முழத்தை வெட்டி எறிந்துவிட்டு, எஃகுக் கம்பியின் நுனியையே கண்ணியாக வளைத்து, லிஃப்ட் கம்பிக்குச் செய்வதுபோலக் குழல் போட்டு நசுக்கி, நேராகக் குண்டில் மாட்டிவிட்டார். இழுத்துப் பார்த்தார். சின்னவனையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். “இனிமே போகாது” என்றார். போகவில்லை.

அன்றைக்குச் சின்னவன் முறை. காலையில் அவன் வீட்டில் சண்டை. படுக்கையறைச் சுவர் ஓதம் ஏறி உரிந்து கிடந்தது. பெயின்ட் அடிக்கிறேன், அடிக்கிறேன் என்று வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தவன், அந்த லீவுக்கும் தூண்டிலைத் தூக்கினான். அவன் மனைவிக்கு ஓட்டல் துணிகளை இஸ்திரி போடுகிற சலவைக்கூடத்தில் வேலை. வாரம் முழுக்க ஆவியில் வெந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஈரச்சுவர். “எங்கேயாவது போய்த் தொலைங்க, திரும்பி வரவே வேணாம்” என்று சொல்லிவிட்டாள். இதைச் சொல்லாத பெண்டாட்டி எந்த வீட்டில் இருக்கிறாள்? என் வீட்டில் இதைக் கேட்காவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது. ஆனால் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த சின்னவன், ஏரி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. கயாக்கை இறக்கினோம், சாயங்காலம் வருகிறேன் என்றேன், தலையை ஆட்டினான். அவ்வளவுதான்.

சாயங்காலம் போனேன். காற்று பலமாக அடித்தது. கயாக்கும் இல்லை, ஆளும் இல்லை.

மறுநாள் எதிர்க்கரைப் பாறைகளில் கயாக் கவிழ்ந்து கிடந்தது. ராட்டினம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கிழிந்து ஓட்டைகள்தான் இருந்தன. லைஃப் ஜாக்கெட் மட்டும் சீட்டுக்குப் பின்னால் எலாஸ்டிக் கயிற்றுக்குள் அழகாக மடித்துச் செருகியபடியே இருந்தது. அதுதான் வினையாகப் போனது. வெயிலில் அவன் எப்போதும் அதைக் கழற்றி அப்படித்தான் செருகுவான், எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். தேட வந்த போலீஸ் அதிகாரி அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்ல ஏதாவது பிரச்சனையா?” என்று கேட்டார். எல்லோர் முன்னாலும் கேட்டார். சின்னவன் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மச்சான் முன்னால் வந்து, கம்பியை மாற்றியது நான்தான், குண்டு சிக்கிக் கவிழ்ந்திருக்கிறது, இந்த ஓட்டைகளைப் பாருங்கள் என்று சொன்னார். பாறையில் இரவெல்லாம் மோதினால் எதுதான் கிழியாது என்றார் அதிகாரி. படகில் கருவி வைத்துத் தேடினார்கள். திரையில் காடு தெரிந்தது. மரம் எது, ஆள் எது என்று அந்தக் கருவிக்கே தெரியவில்லை. அந்த ஆழத்துக் குளிரில் உடல் மேலே வராது என்று கைவிரித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஊர் வாய். “மடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான்” என்று சலவைக்கூடத்தில் அவள் காதுபடப் பேசினார்கள். மச்சான் போகிற இடமெல்லாம் கம்பிக் கதையைச் சொன்னார். கேட்டவர்களெல்லாம் அவர் தோளைத் தட்டி, “நீங்க நல்ல மனுஷன், அந்தப் பொண்ணைக் காப்பாத்தப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்குறீங்க” என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரை அடித்திருப்பேன். உள்ளதைச் சொல்கிற மனுஷனை மகாத்மா ஆக்கியே வாயை மூடிவிட்டார்கள்.

அவளும் நம்பவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று என் மனைவி எத்தனை இழுத்தும் வரவில்லை. மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, எனக்காகப் பொய் சொல்லாதீங்க. நான் சொன்னேன், அவர் போயிட்டார். அவ்வளவுதானே?”

“பொய் இல்லம்மா. கம்பி.”

“அப்போ காட்டுங்க. அவரைத் தேடிக் குடுங்க, இல்ல அந்தக் கம்பியைத் தேடிக் குடுங்க. அவர் வேணும்னே போனாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். தெரியாம என்னால அந்த வீட்ல படுக்க முடியல.”

அவர் சோற்றில் கையை வைத்தபடியே, “தேடித் தர்றேன்” என்றார்.

எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. அவள் வார்த்தை, இல்லாவிட்டால் இவர் கம்பி, இரண்டில் ஒன்றுதான் அவனைக் கொன்றது. எதுவும் கிடைக்காமல் போனால் பழியை ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டு எப்படியோ காலத்தைத் தள்ளிவிடலாம். இந்த மனுஷன் தன் பாதியை முழுசாக்கிக்கொள்ளத் தண்ணீரில் இறங்கப் போகிறார். என் மனைவி அழுது பார்த்தாள், “ஒருத்தன் போனது பத்தாதா?” என்று தட்டைத் தூக்கி எறிந்தும் பார்த்தாள். மச்சான் அதே கயாக்கின் ஓட்டைகளை உருக்கி அடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு கண்டிஷன் போட்டேன். “கயாக்கோட எதையும் கட்டக் கூடாது. கட்டினா என் வேன் வராது.” அவர் உட்கார்ந்து யோசித்து, தேடுவதற்கென்றே ஒரு அமைப்பைச் செய்தார். கனமான குண்டு ஒன்று, அதற்கு மேலே குறுக்குக் கம்பியில் பெரிய கொக்கிகள், அதிலிருந்து மேலே ஏறிவரும் நைலான் கயிறு. கயிற்றை முன்னால் ஒரு கட்டையில் ஒரே ஒரு சுற்று சுற்றி, மிச்சத்தைக் கையில் பிடித்துக்கொள்வார். கடைசி நுனியில் காலி எண்ணெய் கேன். எங்கேயாவது சிக்கினால் கையை விட்டால் போதும், கயிறு தானாக ஓடிவிடும், கேன் மிதக்கும். அப்புறம் கேனுக்கு நேர் மேலே போய் நின்று, மெல்ல அசைத்து அசைத்து எடுக்கவேண்டும். விட்டுக்கொடுக்கிற கட்டு. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் அப்படி ஒன்றைச் செய்தார். செய்து முடித்துவிட்டு ஒரு முறை கையை விட்டுப் பார்த்தார். கயிறு சர்ரென்று ஓடியது. “இவ்வளவுதான் மாப்ள வேலை” என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மிச்சக் கோடை முழுக்கத் தேடினார். வேலை முடிந்த கையோடு ஏரி, லீவு நாளெல்லாம் ஏரி. சின்னவனுக்குப் பிடித்த பாறைச்சரிவை ஒட்டி, உழவு ஓட்டுவதுபோல வரிசை பிசகாமல் போய் வருவார். மேலே வந்ததெல்லாம் கிளை. மக்கிய வலை. ஒரு தடவை இரும்பு நாற்காலி. ஒரு தடவை செருப்பு. கரைக்கு வந்ததும் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தேன், யாருடையதோ. ஒவ்வொரு தடவை கேன் மிதக்கும்போதும் கரையில் நான் எழுந்து நிற்பேன், பிறகு உட்காருவேன். இப்படி நின்று உட்கார்ந்தே எனக்கு அலுத்தது. அலுத்துவிட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது.

வேலையிலும் ஆள் மாறிவிட்டார். அவரோடு போகிற எலெக்ட்ரீஷியன் சொன்னான், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எவ்வளவு கத்தினாலும் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லையாம். பேசாமல் வேலையைப் பார்த்துவிட்டு, கதவு திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

காற்றில் குளிர் ஏற ஆரம்பித்த ஒரு லீவு நாள். சின்னவன் மனைவியும் அன்று எங்களோடு வந்திருந்தாள், சலவைக்கூடத்துக்கும் விடுமுறை. மேட்டில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். நான் கரையில். மச்சான் கயிற்றை விட்டார், கேன் துள்ளியது. திரும்பி வந்து இழுத்தார். வழக்கத்தைவிட நேரமாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தபோது, ஏதோ இரும்பு தண்ணீருக்கு மேலே வருவதும், அவர் அதை மடியோடு சேர்த்து அணைத்துக்கொள்வதும் தெரிந்தது. பிறகு இடுப்புப் பையில் கையை விட்டு, தொழிலுக்கு வைத்திருக்கிற கம்பி வெட்டியை எடுத்தார். அடியில் இன்னும் சிக்கியிருந்த கம்பியை ஒரே அமுக்கில் வெட்டினார். எவ்வளவு சுலபமாக வெட்டுப்பட்டது! கரைக்கு வரும் வரை தலையை நிமிர்த்தவே இல்லை.

ராட்டினம். நாலு போல்ட்டிலும் கிழிந்த பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அவன்?” என்றேன்.

“இல்ல.” கம்பியை என் முன்னால் நீட்டினார். “இதைப் பாரு.”

ராட்டினத்தின் கைக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் கம்பி முழுக்கக் கீறல். ஒரு இடத்தில் மட்டும் புரிகள் பாதிக்கு மேல் அறுந்து, சிலும்பி நின்றன.

“இழுபட்டு அறுந்தா நுனி மெலிஞ்சிருக்கும். பாறையில தேய்ஞ்சா ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும். இது கத்தி மாப்ள. மீன் அறுக்கிற கத்தி. முதல்ல வழுக்கியிருக்கு, அங்க, இங்க. அப்புறம் ஒரே இடத்தைப் புடிச்சிருக்கான். கயாக் கவிழ்ந்து கெடக்கு, கம்பி விட்டாத்தான் நிமித்த முடியும். தண்ணிக்குள்ள தொங்கிக்கிட்டே அறுத்திருக்கான்.” அவர் விரல் அறாமல் மிச்சமிருந்த புரிகளைத் தொட்டது. “இவ்வளவுதான் இருந்துச்சு. கை ஓஞ்சு போயிருக்கும்.”

உடனே போய்ச் சேர்ந்திருப்பான், ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் இத்தனை நாளும் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். மேட்டில் வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

“மச்சான், தண்ணில போட்டுடுங்க. நான் எதையும் பாக்கல. நாற்காலி மாதிரி ஏதோ ஒண்ணு வந்துச்சுன்னு சொல்லிக்கலாம். போடுங்க சீக்கிரம்!”

ஒரு கணம் அவர் ஏரியைப் பார்த்தார். போட்டுவிடுவார் என்றே நினைத்தேன், போட்டுவிடவேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். இன்றைக்கு யோசித்தால், அவளைப் பற்றி எனக்கு அப்போது நினைப்பே இல்லை. என் மச்சான் மிஞ்சினால் போதும் என்று இருந்தது.

அவள் இறங்கி வந்தாள். “என்ன மாமா?”

“ராட்டினம் கெடச்சிருக்கும்மா. உக்காரு.”

அவள் ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, கம்பியை அவள் கையில் கொடுத்தார். எந்த இடம், எந்தப் பக்கத்திலிருந்து அறுத்தது, ஏன் அறுத்தான், எதனால் முடியாமல் போனது என்று நிதானமாக, ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட மெழுகவில்லை.

“நீ சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வீட்டுக்கு வரணும்னுதான் கடைசி வரைக்கும் பாத்திருக்கான். நரம்பு போட்டிருந்தா வந்திருப்பான். நான் போடல.”

அவள் சிலும்பிய இடத்தைத் தடவினாள். விரலில் குத்தி ரத்தம் வந்தது, கவனிக்கவில்லை.

“வரத்தான் பாத்தாரா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“வரத்தான் பாத்திருக்காரு” என்று என்னிடம் திரும்பிச் சொன்னாள். பிறகு மறுபடியும் தனக்கே சொல்லிக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள். அவன் போனதிலிருந்து அவள் வாய்விட்டு அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, மச்சானின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீங்க நல்லா இருக்கணும் மாமா. நீங்க நல்லா இருக்கணும்” என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மனசு நிறைந்து சொன்னாள். அவர் சொன்னதில் அவள் காதில் விழுந்தது ஒன்றுதான், புருஷன் வீட்டுக்கு வரப் பார்த்தான் என்பது. மச்சான் கைகளை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது அவள் பின்சீட்டில் கம்பித் துண்டை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டு, ஏரிச்சாலை முடிவதற்குள் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன்.

“தூங்கிட்டா மச்சான். நீங்க பண்ணினது நல்ல காரியம்” என்றேன். சொல்ல வேறு எதுவும் அகப்படவில்லை.

“மெதுவா ஓட்டு” என்றார்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் இருக்கை ஆடுவது தெரிந்து திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, சட்டைக் காலரை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டு, அவள் விழித்துவிடக் கூடாதே என்று சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தார்.